நவமியில் நின்ற புத்தகம்

பார்த்தசாரதிக்கு மியூனிக்கில் கார் பிரேக் செய்யும் கம்பெனியில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே கம்பெனி. பிரேக்கெல்லாம் வேலையோடு சரி, பேச்சில் கிடையாது. யார் மாட்டினாலும் முராரி ராவ் என்ற மராட்டியத் தளபதியை எப்படியாவது உள்ளே இழுத்துவிடுவார்.

மனிதர் பிறந்தது திருச்சியில். அந்தக் கோட்டையை ஒரு காலத்தில் மராட்டியர் பிடித்து முராரி ராவிடம் ஒப்படைத்தார்கள், இரண்டு வருஷம் அங்கே அவர் வைத்ததுதான் சட்டம் என்று ஒருநாள் தற்செயலாகப் படித்தார். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷச் சனிக்கிழமைகள் நூலகத்தில் போயின. ஒருநாள் ஆங்கிலேயர் பக்கம், மறுநாள் பிரெஞ்சுக்காரர் பக்கம் என்று மாறி மாறிச் சண்டை போட்டு, கடைசியில் ஹைதர் அலியின் சிறையில் செத்துப்போன அந்தத் தளபதியைப் பற்றி பார்த்தசாரதியின் மனைவி மீராவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பாவம், கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டவள்.

ஒருவழியாகப் புத்தகம் முடிந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று சென்னைப் பதிப்பாளர் சொல்லியிருந்தார். வியாழன் காலை முழுப் பிரதியையும் மெயிலில் அனுப்ப உட்கார்ந்தவரை மீரா தடுத்தாள். அன்று ராமநவமி. பானகம் கரைத்துக்கொண்டே, நவமியும் அதுவுமாக யாராவது நல்ல காரியம் செய்வார்களா, நாளைக்கு அனுப்பிக்கொள்ளுங்கள் என்றாள்.

"திருச்சிக் கோட்டையே ராமநவமி அன்னிக்குத்தான் மராட்டியர் கைக்கு வந்தது. இதைவிட நல்ல நாள் வேணுமா?"

"வந்தவங்களுக்கு நல்ல நாள். கோட்டையை விட்டவங்களைக் கேட்டுப் பாருங்க."

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. பஞ்சாங்கத்திலேயே காட்டுகிறேன் பார் என்று, பழைய தேதிகளுக்குத் திதி சொல்லும் பக்கத்தைக் கணினியில் திறந்து, கோட்டை விழுந்த நாளாகப் புத்தகத்தில் எழுதியிருந்த 1741 மார்ச் 14ஐத் தட்டினார். வந்தது தேய்பிறை. அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் பாக்கி. நவமியாவது ஒன்றாவது!

ஏழாம் அத்தியாயம் முழுக்க அந்தத் தேதியில்தான் நிற்கிறது. திருச்சியில் இன்னும் பீரங்கி முழங்குகிறது என்று மார்ச் 20ஆம் தேதி எழுதிவைத்த ஒரு பிரெஞ்சு வியாபாரியை, கோட்டை விழுந்து ஆறு நாள் கழித்து என்ன பீரங்கி, இவன் புளுகன் என்று ஒன்றரைப் பக்கத்துக்குக் கிழித்திருந்தார். எழுதியதிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். தேதி தப்பென்றால் பன்னிரண்டு வருஷ உழைப்பைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் நாட்காட்டி பதினோரு நாள் பின்னால் ஓடியது. பிரெஞ்சுக்காரர்களுடையது இன்று நாம் மாட்டியிருக்கும் அதே நாட்காட்டி. இவருக்குத் தெரியாததா? ஆங்கிலேயர் குறிப்புகளின் தேதிகளையெல்லாம் உட்கார்ந்து மாற்றியவர்தானே! இந்த ஒன்று மட்டும், விஷயம் தெரியாத முதல் வருஷத்தில் ஆங்கிலேயர் குறிப்பிலிருந்து அப்படியே நோட்டில் எழுதியது. மனப்பாடமாகிவிட்டதால் மறுபடி பார்க்கவே இல்லை.

பதினொன்றைக் கூட்டி மார்ச் 25 என்று தட்டினார். வளர்பிறை நவமி. ராமநவமியேதான்! அதற்கு ஐந்து நாள் முன்னால் பீரங்கி முழங்காமல் பின்னே என்ன செய்யும்?

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. காலையிலேயே அனுப்பியிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும் என்று மீராவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் பானகத்தை நீட்டினாள்.

"அந்தப் பிரெஞ்சுக்காரர் பாவம். உள்ளதைச் சொன்னதுக்கா இத்தனை திட்டு?" என்றாள்.

அன்று சாயங்காலம் தேதியைத் திருத்தியதோடு, அவருக்கு ரொம்பப் பிடித்த அந்த ஒன்றரைப் பக்கத்தையும் அழித்தார். அந்த இடத்தில் ஒரே வரி எழுதினார்: "இந்த வியாபாரி சொன்னது உண்மை, தவறு என்னுடையது." வெள்ளிக்கிழமை காலை, நவமி போய்விட்டதா என்று மீராவைக் கேட்டுக்கொண்டு மெயிலை அனுப்பினார்.