மலைப்பாதையைக் கூட்டிப் பெருக்கிய எட்டு பேர்

குளிர்காலம் வந்துவிட்டால் அமீரகத்துப் புஜைராவில் சனிக்கிழமை காலைகளில் ஒரு கூத்து நடக்கும். நகரத்துக்காரர்கள் ஏசி காரில் வந்து இறங்குவார்கள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு குச்சி. இரண்டு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க மொட்டை மலையில் ஏறுவார்கள், வந்த வழியே இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள். உச்சியில் கோயிலும் கிடையாது, டீக்கடையும் கிடையாது. இதற்கென்று ஒரு பாதை, அந்தப் பாதையைப் பராமரிக்க அரசாங்க மானியம்! உரத்துக்கு மானியம் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆட்டுக்குக் கேள்விப்பட்டிருக்கிறேன். சும்மா நடப்பதற்கு மானியமா என்று முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். நானும் என் ஏழு ஆட்களும் சாப்பிடுகிற சோறே அந்த மானியத்தில்தான் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நான் இங்கே போர்மேன். அறந்தாங்கிப் பக்கம் நூறு நாள் வேலையில் ஆட்களை மேய்த்துப் பழகியவன். பாதை என்றால் முள்ளை வெட்டு, கல்லைப் பொறுக்கு, கூட்டிப் பெருக்கு, அவ்வளவுதான் எங்களுக்குப் பாடம். அதிகாரி வருகிறார் என்றால் ஜீப்பிலிருந்து அவர் கண்ணுக்கு எட்டுகிற தூரம் மட்டும் பளிச்சென்று இருந்தால் போதும்; அவர் இறங்கவே மாட்டார். இங்கே இறங்கி நடப்பார்கள். போன ஜனவரியில் மானியத்தைப் புதுப்பிக்கும் முன்பு பாதையைப் பார்க்க ஒரு அரபுப் பொறியாளர் மேடம் வருவதாகச் சொன்னார்கள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் கலாஸ், கதை முடிந்தது; எட்டு பேருக்கும் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

விடுவோமா? நாலு நாள் மலையையே கூட்டினோம். வழி நெடுக யாரோ மூன்று கல், நாலு கல் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். ஏதோ பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் கலைத்துப் பள்ளத்தில் எறிந்தோம். அடுக்கி வைத்தவர்களை ஆளுக்கொரு திட்டு வேறு திட்டினோம்.

மேடம் வந்தார். துடைப்பம் பட்ட தடத்தைப் பார்த்து முதலில் புன்னகைதான். மழை பெய்தால் மட்டும் ஓடுகிற காட்டாற்றை இங்கே வாதி என்பார்கள். அந்த வாதியின் படுகைக்கு வந்ததும் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிப் பாறை. இங்கே இருந்த கல்லெல்லாம் எங்கே என்று இந்தியில் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, எல்லாவற்றையும் தூக்கி எறிந்து சுத்தம் பண்ணிவிட்டோம் என்றேன். பாராட்டுவார் என்று பார்த்தால் அவர் முகம் செத்துப்போனது. அதுதான் வழிகாட்டியாம். பெயிண்ட் அடித்தால் வெயிலில் உரிந்துபோய்விடும், ஆகவே கல்லைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள், அது இல்லாமல் வழி தவறினால் தண்ணீர் இல்லாத இந்த மலையில் ஆள் பிழைக்காது என்று பொறுமையாகச் சொன்னார். இவ்வளவு பெரிய முட்டாளா நான் என்று இருந்தது.

“வியாழக்கிழமை நான் தனியாக ஏறுவேன். யாரையும் வழி கேட்காமல் உச்சிக்குப் போய்விட்டால் கையெழுத்துப் போடுகிறேன்” என்றார்.

இரண்டே நாள். பாதை தெரியும், ஆனால் எந்தக் கல் எங்கே இருந்தது என்று ஒருத்தனுக்கும் நினைவில்லை. ஒருவரை ஒருவர் குறை சொல்லிக் கத்தித் தீர்த்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. ஒருவன் நிற்பது, அடுத்தவன் நடப்பது, பார்வையிலிருந்து மறையப்போகிற இடத்தில் அவனை நிறுத்திவிடுவது, மூன்றாமவன் அவனைத் தாண்டிப் போவது. இப்படி எட்டு பேரும் மலையில் வரிசையாக நின்று, நின்ற இடத்திலேயே கல்லை அடுக்கிவிட்டு, கடைசி ஆள் முதல் ஆளாக முன்னே போனோம். எங்களில் குள்ளம் வேலு. அவன் குனிந்து பார்த்தும் அடுத்த அடுக்கு தெரிந்தால்தான் பாஸ். இல்லையென்றால் அவனே கலைத்துவிட்டு, “மறுபடி வைங்கண்ணே” என்பான். கை எல்லாம் கொப்புளம். புதன்கிழமை பொழுது சாயும்போது உச்சியில் கடைசிக் கல்லை வைத்தோம்.

வியாழன் விடிந்ததும் மேடம் ஏறினார். நாங்கள் அடிவாரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வாதிப் படுகையில் ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் நேராக அடுத்த கல்லுக்கு நடந்தார். இரண்டு மணி நேரம் கழித்து உச்சியில் ஒரு கை ஆடியது. அடேயப்பா, நாங்கள் போட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! இறங்கி வந்தவர் கையெழுத்துப் போட்டார், அடுத்த மலைப்பாதைக்கும் இதே ஆட்கள்தான் கல் வைக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். இன்னும் மூன்று வருடத்துக்கு வேலை!

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறினேன். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மனைவியைக் கூப்பிட்டு, ஜெயிச்சாச்சு, மூணு வருஷம் கன்பார்ம் என்று கத்தினேன். சந்தோஷமாகத்தான் கேட்டாள். சாமிக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்றாள். பிறகு, “அப்ப இன்னும் மூணு வருஷமாங்க?” என்றாள்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை. எதிரே கிழக்கில் கடல். அதைத் தாண்டி அவள். திரும்பிப் பார்த்தால், நாங்கள் வைத்த கற்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக, நாங்கள் தங்கும் கேம்ப் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தன.