மடங்காத முட்டியும் நான் போட்ட பொய் டிக்கும்

போன வருஷம் ஐப்பசி மாசம், ஒரு வியாழக்கிழமை, என் இடது முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போச்சு. மம்சாபுரத்துல மாமியார் வீட்டுக்குப் போயிட்டு பைக்குல ராஜபாளையம் திரும்பிக்கிட்டு இருந்தேன். மழை விட்டு செத்த நேரம்தான் ஆயிருந்துச்சு. டிராக்டர் சக்கரத்துச் சேறு ரோட்டுல கிடந்திருக்கு. நான் கவனிக்கலை. வண்டி சறுக்கி என் கால்மேலயே விழுந்துருச்சு.

இந்தச் சபையில உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பேரு ஞானதாஸ். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய்வர்ற தனியார் பஸ்ஸுல பதினாறு வருஷமா டிரைவர். பஸ் டிரைவருக்கு இடது கால்தான் கிளச்சு. அது மடங்கலைன்னா அவன் டிரைவரே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டாங்க. “எலும்பை நாங்க சேர்த்து வச்சுட்டோம். இனிமே முட்டி மடங்குறது உங்க முயற்சியிலதான் இருக்கு”ன்னு டாக்டர் சொன்னார். பிசியோதெரபிப் பிரிவுல பயிற்சி சொல்லிக்கொடுத்து, கட்டம் போட்ட ஒரு தாளும் குடுத்தாங்க. காலை, மத்தியானம், சாயங்காலம். செஞ்சா டிக் போடணும்.

வீட்டுல முதல் தடவை மடக்கினப்போ முட்டிக்குள்ள ‘கடக்’னு ஒரு சத்தம். எனக்கு உயிரே போயிருச்சு. ஸ்க்ரூ கழண்டுருச்சுன்னு நினைச்சேன். திரும்ப மடக்கினா பிளேட்டே முறிஞ்சுரும்னு ஒரு பயம். அன்னைக்கு நிறுத்தினவன்தான்.

யார்கிட்டயும் சொல்லலை. ஆம்பளை, அதுலயும் பஸ் ஓட்டுறவன், ஒரு சத்தத்துக்குப் பயந்துட்டேன்னு எப்படிச் சொல்றது? என் மனைவி ரூபி பேண்டேஜ் மில்லுக்கு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனதும் நான் பேனாவை எடுத்து டிக் போட்டுருவேன். ஞாயித்துக்கிழமை போதகர் வீட்டுக்கு வந்து என் காலுக்காக எண்ணெய் பூசி ஜெபிப்பார். நான்தான் எல்லாரையும் விட சத்தமா ஆமென் சொல்லுவேன். மூணு மாசம் இப்படியே ஓடுச்சு. எலும்பு சேர்ந்துச்சு, ஊன்றி நடந்தேன், ஆனா முட்டி பாதிகூட மடங்கலை. “இப்படியே போனா மயக்க மருந்து குடுத்துத்தான் மடக்கிப் பார்க்கணும்”னு டாக்டர் சொல்லிட்டார். வண்டியில எனக்குப் பதிலா வேற ஆள் போட்டுட்டாங்க. ஓனரைக் குத்தம் சொல்ல முடியாது. வண்டி நிக்க முடியுமா?

மாசி மாசம் ஒரு நாள் மத்தியானம் ரூபி ஷிப்டு முடிஞ்சு வந்தா. எனக்குக் கால் எட்டாதுன்னு தரையில உட்கார்ந்து என் கால் நகத்தை வெட்டிவிட்டா. அப்படியே பக்கத்துல கிடந்த தாளை எடுத்துப் பார்த்தா.

“ஏங்க, மணி ரெண்டுதானே ஆவுது?”

“ஆமா.”

“சாயங்காலத்துக்கும் டிக் போட்டிருக்கீங்களே?”

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. எனக்கும்தான். பொறவு என் மூஞ்சியைப் பார்த்தவ சிரிப்பை நிறுத்திட்டா. ஒத்த வார்த்தை திட்டலை. நகவெட்டியை வச்சுட்டு உள்ள போயிட்டா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

அன்னைக்குத்தான் நான் உண்மையா ஜெபிச்சேன். அதுவரைக்கும் “என் காலைக் குடும் ஆண்டவரே”ன்னு மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு, “ஆண்டவரே, நான் பொய்யன். எனக்குப் பயமா இருக்கு. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியலை. நீரே ஒரு ஆளை அனுப்பும்”னு அழுதேன்.

மறுநாள் காலையில ஒரு போன்.

“அண்ணே, என் பேரு ஷாகிரா. ஸ்ரீவில்லிபுத்தூர்தான். பிசியோதெரபியில மேல்படிப்பு படிக்கேன். எலும்பு முறிஞ்சவங்க வீட்டுக்குப் போனதும் பயிற்சியை ஏன் விட்டுடறாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன். ஆஸ்பத்திரியில நீங்க சம்மதம்னு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டிருந்தீங்க. வந்து பார்க்கலாமா?”

எந்த ஃபாரம்னுகூட எனக்கு ஞாபகம் இல்லை. நேத்துதானே ஆண்டவர்கிட்டக் கேட்டேன்னு நினைச்சு, உடனே வரச் சொல்லிட்டேன்.

அந்த வாரமே வந்தா. ரம்ஜான் மாசம். நல்ல வெயில். ரூபி டீ கொண்டுவந்து வச்சா. “நோன்பு அண்ணி, இன்னொரு நாள் குடிக்கேன்”னு சொல்லிட்டு நோட்டை எடுத்தா. தாளைக் காட்டுங்கன்னு கேப்பான்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அவ அதைக் கேக்கவே இல்லை.

“காலை மடக்கப் போறப்போ மனசுல என்னண்ணே ஓடுது?”

இம்புட்டுதான் கேட்டா. நாலு மாசத்துல இதை யாரும் என்கிட்டக் கேட்டதில்லை. நான் உடைஞ்சுபோயிட்டேன். சத்தம், ஸ்க்ரூ, பொய் டிக், எல்லாத்தையும் ரூபி முன்னாடியே கொட்டிட்டேன்.

அந்தப் பிள்ளை சிரிக்கலை. என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, ஒவ்வொரு ஸ்க்ரூவா தொட்டுக் காட்டினா. “அசையாம இருந்த மூட்டு அசையறப்போ சில நேரம் சத்தம் வரும்ணே. ஆனா நான் சொன்னேன்னு நம்பிறாதீங்க. டாக்டர்கிட்டயே கேட்டுருவோம்”னா. கேட்டோம். டாக்டர் புதுசா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, “பிளேட் எல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கு. தைரியமா மடக்குங்க”ன்னார்.

அதுக்குப் பொறவும் லேசா இல்லை. குதிகாலுக்கடியில துணியைப் போட்டுத் தரையில வழுக்கி வழுக்கி மடக்கணும். பல்லைக் கடிச்சு அழுதிருக்கேன். ரூபி பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவா. முடியாத நாள்ல தாளைப் பார்த்து வெட்கமா இருக்கும். ஷாகிராகிட்டச் சொன்னேன். “செய்யலைன்னா கட்டம் காலியாவே இருக்கட்டும்ணே. நீங்க பொய்யா டிக் போட்டா, அடுத்து வர்ற நோயாளிக்கு நான் தப்பாச் சொல்லிக்குடுத்துருவேன்”னா. அதுக்கப்புறம் நான் ஒரு பொய் டிக்கும் போடலை.

வாரா வாரம் கோணம் அளக்குற ஸ்கேலை முட்டியில வச்சு அளப்பா. அறுபது டிகிரியில ஆரம்பிச்சோம். எழுபத்தஞ்சு. எண்பத்திரெண்டு. ஒரு வாரம் ஒரு டிகிரிகூட ஏறலை. தொண்ணூறைத் தாண்டின அன்னைக்கு, எக்ஸாம்ல பாஸான பிள்ளை மாதிரி ரூபி கையைத் தட்டினா. ஷாகிராவோட ஆராய்ச்சி முடிவு என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. என் முட்டிக்கு என்ன வந்துச்சுன்னு தெரியும்.

ஆடி மாசம் டாக்டர் வண்டி ஓட்டலாம்னு எழுதிக் குடுத்தார். நேரா ஷெட்டுக்குப் போனேன். நின்ன வண்டியில ஏறி, காலைத் தூக்கிக் கிளச்சுல வச்சு மிதிச்சேன். இறங்குச்சு. விட்டு மிதிச்சேன். திரும்ப இறங்குச்சு. கண்டக்டர் முருகன் கீழே நின்னு, “அண்ணே, போதும்ணே, வண்டி அழுவுது”ன்னான். வண்டி அழலை. நான்தான் அழுதேன். சிரிச்சுக்கிட்டே அழுதேன்.

அன்பானவங்களே, ஆண்டவர் என் காலை ஒரே நாள்ல மடக்கியிருக்கலாம். அவர் என் வாயைத்தான் முதல்ல திறந்தார். நோன்பிருந்த ஒரு பிள்ளையை வெயில்ல நடக்கவச்சு என் வீட்டுக்கு அனுப்பினார். எங்கேயிருந்து உதவி வரும்னு நாம அவருக்குச் சொல்லிக்குடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒரு பயம் இருந்தா அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க. அழகா ஜெபிக்கணும்னு இல்லை. பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னே சொல்லுங்க. அவர் கேக்குறார். பொறவு அவர் அனுப்புற ஆள்கிட்ட ஒளிக்காம பேசுங்க. சொல்லிக்குடுத்த பயிற்சியையும் செய்யுங்க.

அவருக்கே ஸ்தோத்திரம். ஆராதனை முடிஞ்சு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போறவங்க யாரும் இருந்தா, பன்னெண்டரை வண்டியில ஏறிக்கிடுங்க. நான்தான் ஓட்டுறேன்.