தந்தியில் அனுப்பிய திருத்தம்

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது என் நோட்ஸில் ஓட்டை இருப்பது தெரிந்தது. எழுபதுகளின் கடைசி. பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் கணித லெக்சரராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். எம்.எஸ்ஸி.யில் ஆட்டோமேட்டா தியரி என்று புதுப் பேப்பர். யாரும் எடுக்க முன்வராததால் என் தலையில் கட்டினார்கள். ஆறே மாணவர்கள். புத்தகம் கிடைக்காது. நான் ஸ்டென்சில் வெட்டிக் கொடுத்த நோட்ஸ்தான் அவர்களுக்கு வேதம்.

ஸ்டடி லீவில் முதலமடை மாந்தோப்புக்காரர் மகள் தனலட்சுமி வந்தாள்.

“ஏனுங்க சார், இந்த பம்பிங் லெம்மா கணக்கு சரிங்களா?”

எத்தனை a-யோ, பின்னால் அத்தனை b வரும் சொற்கள் மட்டும் உள்ள மொழி ரெகுலர் இல்லை என்று நிரூபிக்கும் கணக்கு அது. ரெகுலர் என்றால், அந்த லெம்மாப்படி, போதிய நீளமுள்ள எந்தச் சொல்லிலும் ஒரு துண்டு இருக்கும். அதை எத்தனை முறை திருப்பி எழுதினாலும் சொல் மொழிக்குள்ளேயே நிற்கும். நான் நடுவிலிருந்து ab என்ற துண்டை எடுத்து, இரண்டு முறை எழுதி, b-க்குப் பின் a வந்துவிட்டது, முடிந்தது என்று கோடு போட்டிருந்தேன்.

“இதுல என்ன தப்பு?” என்றேன், முறைப்பாகவே.

“எங்கூட்டுத் தோப்புக்கு வியாபாரி வந்தா, எந்தக் கூடையைப் பிரிக்கோணும்னு அவருதானுங்க காட்டுவாரு. நாங்களே ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுனா ஒத்துக்குவாருங்களா? துண்டை நீங்களே எடுத்துக்கிட்டீங்களே சார்.”

“போய்ப் படிக்கிற வேலையைப் பாரு” என்று அனுப்பிவிட்டேன். இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று ராத்திரி கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. எந்தத் துண்டை எடுத்தாலும் கெடும் என்று காட்டினால்தான் நிரூபணம். லெம்மா தரும் நீளத்துக்கு a-க்களை எழுதி, பின்னால் அத்தனை b எழுதினால் போதும். துண்டு சொல்லின் தொடக்கத்தில் அந்த நீளத்துக்குள்தான் வர வேண்டும் என்பது லெம்மாவின் நிபந்தனை. அதில் a மட்டுமே இருக்கும். இரட்டித்தால் a கூடிவிடும்.

மறுநாள் ஹாஸ்டலில் இருந்த நாலு பேரையும் தனலட்சுமியையும் உட்காரவைத்து, முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆறாமவன் அருள்ராஜ் ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டில் இருக்கும் வீட்டுக்குப் போயிருந்தான். கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது, தந்தி அடித்தேன். ‘பம்பிங் லெம்மா நோட்ஸ் தப்பு. துண்டை நாம் எடுக்கக் கூடாது. எல்லாத் துண்டும் பார்.’ ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தந்தி கிளார்க் இரண்டு தரம் வாசித்தார். “சாரே, இது என்ன ரகசிய பாஷையா?”

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. ஆறு பேரும் சரியாக எழுதினார்கள். பரீட்சை முடிந்து ஹாலுக்கு வெளியே அருள்ராஜோடு காக்கிச் சட்டையில் ஒருவர் நின்றார். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவன் அப்பா.

“தந்தின்னதும் அம்மா மாருல அடிச்சு அழுதுட்டா சார்” என்றான் அருள்ராஜ். “எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல சாவுச் செய்திதான் தந்தியில வரும். நான் படிச்சுச் சொல்லியும் அப்பா நம்பல. தான் பண்ணது தப்புன்னு எந்த வாத்தியாராவது தந்தி அடிப்பாரா, உங்க சாருக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு, பரீட்சைக்கு நான் வரவும் கூடவே கிளம்பி வந்துட்டாக.”

தப்பைச் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று ஒரு நாள் முழுக்கப் பயந்தவன் நான். வாத்தியார் வேலைக்கு வருகிறவர்களே, அந்த ஒரு நாளையும் வீணாக்காதீர்கள்.

அருள்ராஜின் அப்பா மூன்று பஸ் மாறி வந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சுகமா இருக்கீகளா சார்?”

“இருக்கேங்க.”

“ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்றார். பிறகுதான் மகனிடம், பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டார்.