கோகிலன் துரையான அத்தியாயம்

மாதவிக்குப் பகலில் ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலை. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போகும் வேலை. ஈஜோக்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக் குளித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாளானால் அவள் வேறு ஆள். இணையத்தில் அவள் எழுதும் மந்திரவாதித் தொடருக்காகக் காத்துக் கிடப்பவர்கள் சபாக்கிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு. ஆனால் அந்தக் கதைக்குச் சட்டம் போட்டது அவள் இல்லை, அக்கா லீலாவதியின் மகன் கோகிலன்.

முதலில் அவள் இஷ்டத்துக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவன் கையை நீட்டினால் மலை நகரும். அடுத்த வாரம் அவனே ஒரு கதவைத் திறக்க முடியாமல் தவிப்பான். கல்லூரியில் படிக்கிற கோகிலன் அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன சின்னம்மா, யாருக்கு எவ்ளோ பவர்னு ஒரு கணக்கே இல்லையே! லிமிட் இல்லன்னா எவன் பயப்படுவான்? போரடிக்கும்லா."

"அப்ப நீயே சொல்லு, பெரிய மனுசா."

அவன் ரொம்ப யோசிக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்து ரப்பர் தோட்டத்தையே தூக்கி வந்து கதைக்குள் வைத்துவிட்டான். அடியில் கூலிக்கு உழைக்கும் ஆள், அதற்கு மேல் அவனை மேய்க்கும் மண்டோர், பிறகு கணக்கெழுதும் கிராணி, உச்சியில் தோட்டத்தையே ஆளும் துரை. ஆளின் மந்திரம் கை எட்டும் தூரம்வரை. மண்டோருக்கு அவன் வேலை வாங்கும் காடுவரை. துரையே ஆனாலும் தோட்டத்து கேட்டைத் தாண்டினால் வெறும் மனிதன். ஒரு படி ஏற வருஷக்கணக்கில் பாடுபட வேண்டும், தாவ முடியாது.

"செத்தவங்கள எழுப்புற பவரு? தொரைக்குமா கெடையாது?" என்று மாதவி கேட்டாள்.

"யாருக்குமே கெடையாது" என்றான். பிறகு அசடு வழிந்துகொண்டே தன்னையும் கதையில் சேர்க்கச் சொன்னான். அதுவும் அடிப்படியில், வெறும் ஆளாக. ஆறிய சோற்றைத் தொட்டுச் சூடாக்குவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே மந்திரம். வாசகர்களுக்கு அவனைத்தான் ரொம்பப் பிடித்துப்போனது.

கதையில் அவன் ஈட்டி பாய்ந்து விழுந்தான். அடுத்த அத்தியாயத்தில் சாவதென்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்திருந்தார்கள். அந்த வாரம் பார்த்தா கோலா சிலாங்கூர் சாலையில் நிஜக் கோகிலனின் மோட்டார் சைக்கிளை ஒரு லோரி மோத வேண்டும்! பெற்றவள் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. மாதவி எழுதுவதை நிறுத்திவிட்டாள். எந்தக் கையால் எழுதுவாள், பாவம்?

கருமாதி முடிந்த பிறகு லீலாவதி தங்கை வீட்டுக்கு வந்தாள். அதுவரை ஒரு வரி படித்திராதவள், மகனின் கைப்பேசியில் முழுக் கதையையும் படித்திருந்தாள்.

"கதையில எம்புள்ள இன்னும் உசுரோடதானே இருக்கான்?"

"ஆமாக்கா."

"சாவடிச்சிராதடி. பெரிய பவரா குடு அவனுக்கு. எழுதுறது நீதானே, ஒன்ன யாரு கேக்கப் போறா?"

அக்கா கேட்டு மறுக்க மனம் வருமா? மாதவி அன்றே உட்கார்ந்தாள். சட்டமாவது ஒன்றாவது! ஆளாகக் கிடந்தவன் ஒரே தாவில் துரையானான். ஈட்டியைப் பிடுங்கி எறிந்தான். வானத்தில் ஏறி நின்று எதிரிப் படையைப் பார்வையாலேயே சாம்பலாக்கினான். வாசகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள்.

மறுநாள் காலையிலேயே லீலாவதி வந்துவிட்டாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"யாருடி இவன்?"

"அக்கா, நீதானே கேட்ட..."

"புத்திகெட்டுப் போயி கேட்டேன். எம்புள்ள ஒருத்தன கைநீட்டி அடிச்சிருப்பானா? கருமாதிப் படையல்ல நம்ம மாமா என்ன செஞ்சாரு, பாத்தல்ல? பெருமைக்குப் பிரியாணியும் பீரும் கொண்டாந்து வச்சாரு. அத்தனையும் தூக்கிட்டு, அவன் திங்கிற நாசி லெமாக் சோறும் குடிக்கிற தே ஐஸும் நான் வச்சேன். அவனுக்குப் புடிச்சதத்தானேடி வைக்கணும்? நீயும் மாமா மாரியே செஞ்சிட்ட."

மாதவி கைப்பேசியை எடுத்து அந்த அத்தியாயத்தைத் திறந்தாள்.

"அழிச்சிர்றேன்க்கா. ஆனா அவன் ஆளாவே இருந்தா, அந்தக் காயத்துக்குப் பொழைக்க மாட்டான். அவனே போட்ட சட்டம்க்கா அது."

லீலாவதி பொத்தென்று உட்கார்ந்தாள். தங்கையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பெற்ற வயிறு அல்லவா, எரியத்தான் செய்யும். மாதவியும் சேர்ந்து அழுதாள். வெகுநேரம் கழித்து அக்கா நிமிர்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுது" என்றாள். "எம்புள்ளையாவே சாகட்டும். இந்தத் தடவ நான் பக்கத்துல இருக்கேன்."