போர்டில் தொங்கும் சட்டை

சட்டையைக் கழற்றிக் கரையில் நட்டிருக்கும் சிவப்பு போர்டின் மேல் மாட்டிவிட்டுத்தான் லிஃப்ட் ரிப்பேர்காரர் கடலில் இறங்குவார். 'தண்ணீரில் நச்சுப்பாசி பரவியுள்ளது. சிப்பி எடுக்காதீர்கள். வேகவைத்தாலும் நஞ்சு போகாது' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. சட்டை தொங்கும்போது ஒரு எழுத்தும் தெரியாது. பிறகு என்ன தடை?

லிஃப்ட் கதவுகளைக் கழற்றும் ஸ்க்ரூடிரைவரால் பாறையில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சிப்பிகளை நெம்பி நெம்பி வாளியில் போடுவார். நகம் அளவுப் பொடிசுகளையும் விடமாட்டார். விட்டால் வளர்ந்துவிடும், வளர்ந்தால் வேறு எவனாவது எடுத்துக்கொள்வான் என்ற நல்லெண்ணம்தான். வாளி நிரம்பியதும் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

வேலைநாளில் ஆளே வேறு. பழுதான லிஃப்ட்டின் முன்னால் 'ஏறக்கூடாது' போர்டைத் தன் கையாலேயே மாட்டுவார். அதை யாராவது நகர்த்திவிட்டுக் கால் வைத்தால் தொலைந்தார்கள். "போர்டு என்ன அழகுக்கா மாட்டியிருக்கு? உசுரு மேல ஆசையில்லையா?" என்று எல்லா மாடிக்கும் கேட்கும்படி கத்துவார். கட்டடத்தின் சொந்தக்காரரே ஒருமுறை வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் அவருக்கென்று ஒரு சோதனைக்கூடமும் உண்டு. அது பக்கத்து வீட்டுப் பூனை. வெந்த முதல் சிப்பி அதற்குத்தான். தின்றால், "பாத்தியா, பூனையே சொல்லிடுச்சு!" முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால், "அதுக்கு வயிறு ரொம்பியிருக்கு." இதுவரை ஒரு சிப்பியும் அந்தச் சோதனையில் தோற்றதில்லை.

போன வாரம் தின்ற கொஞ்ச நேரத்தில் அவருக்கே உதடு மரத்துவிட்டது. விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது. குடித்த டீ வாயோரம் வழிந்து சட்டையை நனைத்தது.

"மிளகை அள்ளிக் கொட்டினா இப்படித்தான்" என்று மனைவியின் மேல் எரிந்து விழுந்தார்.

"நான் மிளகே போடலியே" என்றார் மனைவி.

இந்த வாரம் மகள் வந்திருக்கிறாள், கூடவே மாப்பிள்ளையும். மகளுக்கு ஐந்தாம் மாதம். "வயித்துப் பிள்ளைக்காரி வந்திருக்கா. இன்னிக்காவது அந்தக் கருமத்தை எடுத்துட்டு வராதீங்க" என்று மனைவி காலையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"போர்டு வைக்கிறவனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, வைக்கிறான். நான் கொதிக்க வச்சா எந்த விஷம் நிக்கும்?" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மதியம் மேசை நடுவில் சட்டி ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. மனைவி தனக்கு மட்டும் ஒரு முட்டையைப் பொரித்துக்கொண்டார். மாப்பிள்ளை மரியாதைக்கு ஒரு சிப்பியை எடுத்து, மாமனார் முதலில் வாயில் வைக்கட்டும் என்று கையிலேயே வைத்திருந்தார். மாமனாரோ வைப்பதாக இல்லை. கடலைப் பற்றியும், தின்னத் தெரியாத பயந்தாங்கொள்ளிகளைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்.

"வாசனையே ஆளைத் தூக்குதுப்பா" என்று மகள் சட்டிக்குள் கையை நீட்டினாள்.

பாதிச் சொல்லில் அவர் பேச்சு நின்றது. உள்ளங்கையை விரித்துச் சட்டியின் வாயை அப்படியே மூடினார்.

"என்னப்பா?"

"சூடா இருக்கும்மா."

விரலிடுக்கில் ஆவி பீறிட்டு வந்தது. கை சிவந்துகொண்டே போயிற்று. அவர் எடுக்கவில்லை.