அவர்கள் தோற்பதைப் பார்க்கப் போனவளுக்குக் கேடயமாம்!

இன்று பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூத்து!

எங்கள் ஊர் ஹொக்கி அணியின் செயலாளர் தம்பி வந்தார். (அணியின் பெயரைப் போடவில்லை. திருகோணமலையில் அதைக் குறைவாகச் சொன்னால் நாளைக்கு எனக்கு மீன்கூட விற்க மாட்டார்கள்!)

கையில் அழைப்பிதழ். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இந்தமுறை ஆண்டு விழாவில 'சிறந்த ரசிகை' ஷீல்ட் உங்களுக்குத்தான். சின்ன வயசில இருந்து ஒரு மட்ச் விடாமல் வந்தனீங்கள். தோத்த மட்சிலயும் கடைசி மட்டும் நிண்டது நீங்கள் ஒராள்தான்!"

நின்றேன்தான். ஏன் நின்றேன் என்று ஒருவரும் கேட்கவில்லையே!

அவர்கள் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன். எதிரணி எந்த ஊராக இருந்தாலும் அதுதான் என் அணி. ஐந்து கோல் வாங்கித் தோற்ற அன்று ஊரே செத்த வீடு மாதிரி இருந்தது. நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

எதிரணிக்கு நான் கை தட்டியதுகூட இவர்களுக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்தவள் வேறு யாருக்குத் தட்டுவாள் என்ற நினைப்பு. அவ்வளவு தலைக்கனம்!

காரணம் இருக்கிறது. நானும் பள்ளிக்கூடத்தில் ஹொக்கி விளையாடியவள். பதினைந்து வயதில் நாங்கள் ஒன்பது பெண் பிள்ளைகள் போய், கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானத்தைத் தரச் சொல்லிக் கேட்டோம். (பொது மைதானம்தான். ஆனால் கேட் பூட்டின் திறப்பு, அதுதான் சாவி, இவர்களிடம்!) அப்போதைய தலைவர் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளையளுக்கு என்னத்துக்கு ஹொக்கி? வந்து கை தட்டுங்கோ, காணும்."

ஒன்பது பேரும் விளையாட்டை விட்டோம். அது எனக்கு இன்னும் எரிகிறது.

இப்போது என் மகளுக்குப் பதினான்கு. அவளும் கூட்டாளிகளும் அன்புவழிபுரத்து ஒழுங்கையில் பந்தைத் தட்டுகிறார்கள். ஓட்டோ வந்தால் மதிலோடு ஒட்டி நிற்க வேண்டும். போன மாதம் அவர்களும் அதே மைதானத்தைக் கேட்டார்கள். அதே பதில்தான், கொஞ்சம் மரியாதையாக.

அதனால் தம்பியிடம் சொன்னேன்.

"ஷீல்டை நீங்களே வச்சிருங்கோ. எனக்குக் கேட் திறப்பில ஒண்டு தாங்கோ. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் பிள்ளையள் விளையாடட்டும்."

"அது ஏலாது அக்கா. கமிட்டியில கதைக்க வேணும்."

"அப்ப நான் மேடைக்கு வாறன். மைக் தருவீங்கள்தானே? இவ்வளவு காலமும் ஏன் வந்தனான் எண்டு எல்லாருக்கும் சொல்லுறன்."

"ஏன் வந்தனீங்கள்?"

சொன்னேன். எந்தப் போட்டியில் எத்தனை கோல் வாங்கினார்கள் என்பது உட்பட!

தம்பியின் சிரிப்பு போய்விட்டது. அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பெயர் பெரிய எழுத்தில். ஊர் முழுக்கக் கொடுத்தும் முடிந்ததாம். பிரதம விருந்தினர் வேறு கொழும்பில் இருந்து வருகிறாராம்.

அங்கேயே நின்று தலைவருக்குப் போன் எடுத்தார்.

"ஓம் சேர்... இல்லை சேர்... அவ ரசிகை இல்லையாம் சேர்..."

(சிரிப்பை அடக்க ஏலாமல் நான் குசினிக்குள் ஓடிவிட்டேன்!)

அரை மணித்தியாலத்தில் திறப்பு என் கைக்கு வந்தது.

செவ்வாய் பின்னேரம் நான்கு மணிக்குக் கேட்டைத் திறப்பேன். விளையாட ஆசையுள்ள பெண் பிள்ளைகளை அனுப்புங்கள். ஸ்டிக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போகும்போது தம்பி ஒரு நப்பாசையோடு கேட்டார்.

"சனிக்கிழமை மூதூரோட மட்ச் இருக்கு. இனி எங்கட பக்கம்தானே அக்கா?"

"வருவன் தம்பி. மூதூர்க்காரர் இருக்கிற பக்கம் எனக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கோ."