திருத்தங்கலைத் தாண்டி

என் வீட்டுக்காரர் குடியை விட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. விட்ட பிறகு, என்னிடம் வாய் திறந்து பேச வேண்டும் என்று ஏங்க ஆரம்பித்தேன். முதல் வேண்டுதலைவிட இது பெரிய வேண்டுதல் என்று அப்போது தெரியாது.

செல்போன் முதலாளிமார் கையில் மட்டும் இருந்த காலம். எங்கள் ஊர் திருத்தங்கல். அவர் அங்கே ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலை பார்த்தார். நான் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கடைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்காவது விழுந்து கிடப்பார், நான் தேடிப்போய்க் கூட்டி வருவேன். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அதுதான்.

சரம் பின்னும்போது என் பக்கத்தில் உட்காரும் ஆனைக்குட்டத்துக்காரி ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "விருதுநகர்ல குடிக்கிறவுகளுக்குன்னு ஒரு கூட்டம் நடக்குக்கா. எங்க அண்ணன் போறாரு. மருந்து மாத்திர எதுவும் கெடையாது, பேச்சுதான்."

"பேசியே நிறுத்திருவாகளாக்கும்! நான் பேசாத பேச்சா?" என்றேன்.

ஆனாலும் அவள் அண்ணன் முகம் தெளிந்திருந்ததை நானே பார்த்திருந்தேன். இவருக்கும் அந்த வாரம்தான் கை நடுங்கி, வெட்டும் மெஷினில் விரல் போகப் பார்த்தது. பயந்துபோயிருந்தார். அந்தப் பயம் ஆறுவதற்குள் விருதுநகர் பஸ்ஸில் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன்.

கூட்டம் நடந்தது ஒரு மாதா கோயில் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில். எந்த அறை என்று தெரியாமல் வாட்ச்மேனிடம், "குடிகாரங்க கூட்டம் எங்கன நடக்குய்யா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். இவர் என்னை யாரென்றே தெரியாதவர் போலப் புளியமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படி யாரும் இங்கன கெடையாது தாயி. குடிய விட்டவுக கூட்டம் கடைசி ரூம்புல நடக்கு" என்றார் வாட்ச்மேன்.

அந்த அறைக்குள் குடித்தவர்களுக்கு மட்டும்தான் இடம். எங்கள் கம்பெனி வாசலில் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடுவதைப்போல, அங்கே பேரையும் ஊரையும் வாசலோடு விட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே கேட்டதை வெளியே சொல்லவும் கூடாதாம். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போனோம். மெல்ல மெல்லக் குடி நின்றது. ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. வீட்டில் 'சோறு வையி', 'வெளக்க அமத்து' என்பதைத் தாண்டாத மனுசன் அங்கே மூச்சுவிடாமல் பேசினார். ஒருநாள் சிரித்தார். கல்யாணமான புதிதில் கேட்ட அதே சிரிப்பு.

வெளியே வந்ததும், "என்ன பேசுனீக?" என்பேன்.

"சும்மா, பொதுவா" என்பார். பஸ்ஸில் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்.

பேர் ஊர் தெரியாதவர்களுக்குக் கிடைத்த பேச்சு, பொங்கிப்போட்டவளுக்கு இல்லை. பொறாமையாக இருந்தது. இதை யாரிடம் சொல்ல? குடி நின்றது போதாதா, உனக்கு எம்புட்டுக் கொழுப்பு என்பார்கள்.

பங்குனிப் பொங்கல் வந்தது. நாங்கள் மாதா கோயிலுக்குள் போவதை யாரோ பார்த்துவிட்டு, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டோம் என்று தெருவெல்லாம் பரப்பியிருந்தார்கள். அந்தத் திருவிழாவுக்கு எங்கள் அம்மன் கோயிலில் வீட்டுக்கு வீடு வரி பிரிப்பார்கள். வரி வாங்காத வீட்டை ஊர் தள்ளி வைத்ததாக அர்த்தம். வரி பிரிக்க வந்த இவருடைய சொந்த அண்ணனே எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.

"வேதக்காரவுக வரி அம்மனுக்கு ஆகாது" என்றார். குடித்துவிட்டு அதே அம்மன் வாசலில் இவர் உருண்டு கிடந்தபோது வாங்கிய வரி மட்டும் ஆனது.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. இவர் நேரே போய் நடுவில் நின்றார். நான் பெண்கள் பக்கம் நின்றேன்.

"நான் வேதத்துல சேரல. எனக்கு இருக்கது குடி நோய். என்னால தனியா நிறுத்த முடியல. அதுக்குத்தான் அங்கன போறேன்" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே வரியை வாங்கிக்கொண்டார்.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஊரோடு ஊராக நின்றுதான் நானும் அதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து சோறு வைத்தபோது அடக்க முடியவில்லை.

"எங்கிட்ட ஒருதடவ சொல்லக் கூடாதா?"

"ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல? நீதான் எல்லாத்தையும் பாத்தியே."

"நான் பாத்தது நீங்க விழுந்து கெடந்தத. எதுக்குக் குடிச்சீகன்னு நான் எங்கன பாத்தேன்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு கூட்டம் முடிந்து பஸ் ஏறினோம். பின்னால் ஆண்கள் பக்கம் இடம் கிடந்தும் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ் ஆமத்தூரைத் தாண்டியது. பிறகு முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி, "எங்கப்பா செத்த அன்னைக்குத்தான் மொதமொதக் குடிச்சேன். எனக்கு அழுகையே வரல. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாக" என்று ஆரம்பித்தார்.

நான் அசையவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

"திருத்தங்கல் எல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். அவர் காதில் அது விழவில்லை. என் காதில் விழுந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். பஸ் கிளம்பியதும் கண்டக்டர் வந்து, "ஏம்மா, நீங்க திருத்தங்கல்தான?" என்று கேட்டார்.

"சிவகாசிக்கு ரெண்டு போடுங்க" என்றேன், மெதுவாக.

இவர் பேசிக்கொண்டே வந்தார். சிவகாசி இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று எனக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.